பிப்ரவரி 29-ஐ விழுங்கும் மாயா நாள்காட்டி: சில வருடம் பயன்படுத்திய பிறகு

மத்திய அமெரிக்காவின் மாயா மக்களுடைய நாள்காட்டியைக் காட்டும் செயலி ஒன்றின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்த தோழி கேட்டாள்: "நீ ரொம்ப நாளாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா? என் பிறந்த தேதிக்கு இதில் ஒரு சின்னம் வருகிறது, இன்னொரு செயலியில் வேறொன்று வருகிறது. இதில் எதுதான் நான்?" வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைச் செயலிகள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது எப்படியும் புரியும்.

20 பெயர், 13 எண், இரண்டும் சேர்ந்து 260 நாள் என்ற கணக்கு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நம் பஞ்சாங்கத்தில் கிழமை தன் போக்கில் ஓடுகிறது, நட்சத்திரம் தன் போக்கில் ஓடுகிறது, இரண்டும் சேர்வதை வைத்து அமிர்தயோகம், மரணயோகம் என்கிறோம். அதுபோலத்தான் இங்கே எண்ணும் பெயரும். இன்று 8 பாட்ஸ் என்றால் நாளை 9 ஏ, மறுநாள் 10 ஆஹ். எண் 13-ஐத் தொட்டதும் 1-க்குத் திரும்பிவிடும், பெயர்கள் இருபதும் முடிந்துதான் திரும்பும். குவாத்தமாலாவின் மேட்டுநிலத்தில் வாழும் கிச்சே என்ற மாயா மக்கள் இதைச் சோல்கிஹ் என்கிறார்கள். 1524-இல் ஸ்பானியப் படை அங்கே நுழைந்தது. 1562-இல் மெக்சிகோவின் யுகாத்தானில், மானி என்ற ஊரில், பின்னாளில் ஆயரான ஸ்பானியத் துறவி தியேகோ தே லாண்டா மாயா ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். இத்தனைக்கும் பிறகு மேட்டுநில ஊர்களில் நாள் எண்ணுகிறவர்கள், அதாவது இந்தக் கணக்கைக் காத்துக் குறி சொல்பவர்கள், எண்ணிக்கையை விடவில்லை. ஒரு நாளைக்கூட விடவில்லை. என் கோபம் முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் இதை ஜோசியம் பார்க்க வாங்கவில்லை. டைரி எழுத ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் இருந்தால் எழுத எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வாங்கிய பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது தோஹ் என்ற நாள்.

இருபது நாட்களில் தோஹ் என்பது செலுத்தும் நாள். காணிக்கை, பாக்கி, பட்ட கடன், வாங்கியதற்கு ஈடு எல்லாம் இதில் அடங்கும். கிச்சே ஊர்களில் நெருப்பு மூட்டி, கோபால் என்ற மரப்பிசினைப் புகைத்து, பெற்றதற்குப் பதில் செலுத்துவார்கள். என் வீட்டில் தோஹ் கொஞ்சம் எளிமையாக நடக்கும். கரண்ட் பில், இரவல் வாங்கி அலமாரியில் அமுக்கிய புத்தகம், பதில் போடாத மின்னஞ்சல் என்று ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொன்றாக அடிப்பேன். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து வீட்டம்மா கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்குவாளி எங்கள் சமையலறையிலேயே தங்கிவிட்டிருந்தது. ஒரு தோஹ் நாளில்தான் அது திரும்பிப் போனது. வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதென்று உள்ளே நாலு முறுக்கும் போயிற்று. அவர் என்னிடம் "என்ன விசேஷம்?" என்று கேட்டார். கிச்சே நாள்காட்டியை விளக்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

எண்கள் இன்னும் சுவையானவை. 1, 2, 3 மென்மையான எண்கள். 7, 8, 9 நடுவில் நிற்பவை, சடங்குக்கு ஏற்றவை. 11, 12, 13 வலு மிகுந்தவை, கையாளக் கவனம் வேண்டும். பார்பரா டெட்லாக் என்ற மானிடவியலாளர் 1970-களில் குவாத்தமாலாவின் மொமொஸ்தெனாங்கோ ஊருக்குப் போய், அங்குள்ள நாள் எண்ணுகிறவரிடம் முறைப்படி பயின்று எழுதியவற்றில் இது வருகிறது. செயலி இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும். ஆனால் ஒரு பெயரை விடாமல் பின்தொடர்ந்தால் அது சொல்லாத ஒன்று தெரியும். தோஹ் இருபது நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன் எண் ஏழு கூடுகிறது, 13-ஐத் தாண்டினால் 13 கழிகிறது. ஆக 1 தோஹ் போனால் அடுத்தது 8, அப்புறம் 2, 9, 3, 10, 4, 11, 5, 12, 6, 13, கடைசியில் 7. லேசான தோஹ் ஒன்று, கனமான தோஹ் ஒன்று என்று மாறி மாறி வந்து, இரண்டுமே படிப்படியாக ஏறுகின்றன. இருபது பெயர்களுக்கும் இதே கதைதான். யாரும் உட்கார்ந்து அலங்கரித்ததில்லை, 13-ம் 20-ம் உரசுவதில் தானாக விழும் தாளம். இதைக் கண்டுகொண்ட பிறகு சின்னப் பாக்கிகளை லேசான தோஹுக்கும், பேசக் கூசுகிற பெரிய பாக்கிகளைக் கனமான தோஹுக்கும் ஒதுக்க ஆரம்பித்தேன். அண்ணனிடம் பேச வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. ஒரு 12 தோஹில் பேசி முடித்தேன். அந்த எண் இல்லாமல் பேசியிருப்பேனா என்றால், சந்தேகம்தான்.

இன்னொரு சுகம், 260 நாள் பருவத்தோடு ஒட்டாதது. மொமொஸ்தெனாங்கோவில் புதிதாக நாள் எண்ணும் பொறுப்பு ஏற்பவர்களுக்குத் தீட்சை தரும் பெருநாள் 8 பாட்ஸ். அது 2024-இல் மே 3, அடுத்து 2025 ஜனவரி 18, அதே ஆண்டு அக்டோபர் 5 என்று வந்தது. வெயில், பனி, மழை. பிறந்தநாள், திருமணநாள் எல்லாம் அதே வானிலையோடு, அதே ஞாபகத்தோடு திரும்ப வரும். இந்த நாள் அப்படி வருவதில்லை. டைரியில் அதே பெயர் எழுதிய பழைய பக்கத்தைத் திருப்பினால் வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கும், அதுவே படிக்கத் தூண்டும். 260 ஏன் என்று கேட்டால் அங்குள்ளவர்கள் கருவிலிருக்கும் குழந்தையின் காலம் என்கிறார்கள்.

பலன்களுக்கு வருவோம். செயலி இங்கே சறுக்க ஆரம்பிக்கிறது. மரபில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு முகம் உண்டு. காட் என்றால் வலை. சோளக்கதிர்களை அள்ளிக் கட்டி வீட்டுக்குச் சுமந்து வரும் வலையும் அதுதான், மனிதரைச் சிக்கவைக்கும் கடன் வலையும் அதுதான். திஹாஷ் கற்கத்தி. நோயை வெட்டி எடுக்கும், உறவையும் வெட்டும். ட்ஸிகின் பறவை, பணத்துக்கு நல்ல நாள். இமோஷ் நீரும் பித்தும். செயலியில் எல்லாமே தேன் தடவி வருகிறது. "இன்று உங்கள் உள்ளொளி மலரும்" என்பதை ஒரு வாரத்தில் எத்தனை முறைதான் படிப்பது? மரணத்துக்குரிய காமே நாளில்கூட மலரச் சொல்கிறார்கள்.

அங்கே நேரில் குறி கேட்டால் இப்படி ஒரு வரியோடு அனுப்பமாட்டார்கள். ட்ஸிதே என்ற மரத்தின் சிவப்பு விதைகளை ஒரு பையில் வைத்திருப்பார்கள். நம் கல்யாண முருங்கைக்கு அது நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். ஒரு கைப்பிடி அள்ளி, நான்கு நான்காகப் பிரித்து வரிசையாக அடுக்கி, ஒரு நாளில் தொடங்கி ஒவ்வொரு குவியலுக்கும் அடுத்த நாளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசிக் குவியலில் எந்த நாள், எந்த எண் விழுகிறதோ அதை வைத்துப் பேச்சு தொடங்கும். கேட்க வந்தவரும் பேச வேண்டும், திரும்பவும் அள்ள வேண்டும், திரும்பவும் எண்ண வேண்டும். கிச்சே மக்களின் போபோல் வூ நூலில் படைப்புத் தெய்வங்களே இப்படிக் குறி கேட்கிறார்கள்: மரத்தால் மனிதர் செய்யலாமா? கிழத் தம்பதி சோளமணியும் ட்ஸிதே விதையும் போட்டுப் பார்த்து, செய்யலாம் என்கிறார்கள். செய்த மரமனிதர்களுக்கு நெஞ்சில் எதுவுமில்லை, வெள்ளத்தில் அழிகிறார்கள். இப்படி ஒரு கதையைத் தங்கள் நூலிலேயே வைத்திருக்கும் மக்கள் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

சரி, பிப்ரவரி 29.

2024-இல் அந்த நாள், மேட்டுநிலக் கணக்குப்படி 9 கெஹ். கெஹ் மானின் நாள். மலைகளுக்கும் சடங்கு செய்பவர்களுக்கும் உரிய நாள், ஆண்டைச் சுமக்கும், அதாவது ஆண்டின் முதல் நாளாக வரக்கூடிய, நான்கு பெயர்களில் ஒன்று. எண்ணும் ஒன்பது. டைரியில் எழுதலாம் என்று செயலியைத் திறந்தால் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. அப்படி ஒரு நாளே கிடையாதாம். மறுநாள் மார்ச் 1-ஐத் திறந்தால், பிப்ரவரி 28 விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடர்கிறது.

காரணம் இதுதான். 1987 ஆகஸ்டில் உலகம் முழுக்கக் கூட்டுத் தியானத்துக்கு அழைத்துப் பேர் வாங்கிய அமெரிக்கர் ஹோசே ஆர்குவெயெஸ், பிறகு மாயாவை அடிப்படையாக வைத்து ஒரு நாள்காட்டியை உருவாக்கினார். 28 நாளில் 13 மாதம், புத்தாண்டு ஜூலை 26. செயலி வழக்கமாகக் காட்டும் அந்தக் கணக்கு லீப் நாளை எண்ணாது. எண்ணாமல் விடுவதால் நான்கு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் கிச்சே கணக்கிலிருந்து அதன் தூரம் மாறிக்கொண்டே போகிறது. அவருடைய நாள்காட்டி அவருடைய நாள்காட்டி. அதைப் பின்பற்றி நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதை "புராதன மாயா எண்ணிக்கை" என்று எழுதி விற்பதுதான் தாங்கவில்லை. ஏடுகளை எரித்தும் விடாமல் காப்பாற்றிய ஒரு நாளை, கிரிகோரியன் நாள்காட்டியின் வசதிக்காக ஒரு செயலி விழுங்குகிறது என்றால் எரிச்சல் வராதா?

நியாயமாகச் சொன்னால், கிச்சே கணக்கும் உள்ளே இருக்கிறது. செட்டிங்ஸில் நாலு திரை தாண்டி, மிகச் சிறிய எழுத்தில். மாற்றி வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும், 9 கெஹ் வரும், எல்லாம் வரும். அடுத்த அப்டேட் வரும்வரை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது சத்தமில்லாமல் பழைய கணக்குக்கே திரும்பிவிடும். இதைப் பற்றி எழுதியபோதெல்லாம் "உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்று பதில் வருகிறது. என்ன பயணம்? நான் கேட்டது ஒரே ஒரு பொத்தான்.

இந்தியாவில் பகல் பதினொன்றரைக்கு நாள் மாறுவதைக்கூட மன்னித்துவிட்டேன். குவாத்தமாலாவில் அது நள்ளிரவு, அந்த ஊர் நேரத்துக்கு அதுவாவது விசுவாசமாக இருக்கிறது.

தோழியின் கேள்விக்குப் பதில்: இரண்டு செயலிகளும் வெவ்வேறு கணக்கை எண்ணுகின்றன. மாயா மக்கள் எண்ணுவதுதான் வேண்டுமென்றால், 2012 டிசம்பர் 21-ஐப் போட்டுப் பார்க்கட்டும். 4 அஹ்பு என்று வந்தால் அந்தக் கணக்கு சரி. உலகம் முடியப்போவதாகப் பத்திரிகைகள் எல்லாம் கூவிய அதே நாள்தான். மறுநாள் 5 இமோஷ் வந்தது, அதற்கு மறுநாள் 6 இக். அன்று சரியாகக் காட்டும் செயலியில் தன் பிறந்த தேதியையும் போட்டால் அவளுக்கு உரிய நாள் வந்துவிடும். அதை வைத்துக் குணம் எழுதும் பக்கத்தை மட்டும் படிக்க வேண்டாம்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். தடித்த அட்டையில் 20 வரி, 13 கட்டம் கோடு போட்டு, 2025 அக்டோபர் 5-ஐ 8 பாட்ஸ் என்று குறித்துக்கொண்டு ஒரு பென்சிலால் எண்ணிப் போனால் போதும். செலவு பத்து ரூபாய், அப்டேட் தொல்லை இல்லை. செயலிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. போன தோஹ் அன்று கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன், அன்று கணக்கு சரியாக இருந்தது. நேற்று புது அப்டேட் வந்தது. என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது, பாதி விலைக்குக் கிடைக்கும்போது இன்னும் ஒரு வருடம் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். டைரி முழுக்க அதில்தானே கிடக்கிறது.