தனிமைத் தொட்டி: மூன்று ஆண்டுக்குப் பின்னும் தீராத ஸ்பாஞ்ச் தொல்லை

ஏஞ்சல் மீன் வாங்கப் போகும் நண்பர் ஒருவர், தனிமைத் தொட்டி அவசியம்தானா என்று கேட்டிருந்தார். மூன்று ஆண்டுகளாக 40 லிட்டர் தொட்டி ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். புதிதாக வரும் எந்த மீனும் அதில் நான்கு வாரம் இருந்த பிறகுதான் பெரிய தொட்டிக்குப் போகும்.

நான் எதிர்பாராத இன்பம் அதன் வெறும் கண்ணாடித் தரை. மணலும் செடியும் கிடையாது; மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு மட்டும். சென்ற ஆண்டு வந்த ஏஞ்சல் நன்றாகத்தான் இரை எடுத்தது. ஆனால் அதன் கழிவு வெள்ளை நூல்போல நீண்டு, அறுபடாமல் வாலுக்குப் பின்னால் தொங்கியது. குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்று அன்றே சந்தேகம் வந்தது. செடிகளுக்கு நடுவே இருந்திருந்தால் அது என் கண்ணிலேயே பட்டிருக்காது. நியான் டெட்ரா மீன்களுக்கு ஆறாம் நாள் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோதும் இந்தத் தொட்டிதான் காப்பாற்றியது. தாமிரம் கலந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றியிருந்தால் இறால்கள் மொத்தமும் செத்திருக்கும். மருந்து பாய்வது உடலை விட்டு வெளியேறி நீரில் நீந்தும் கிருமி மீதுதான் என்பதால், புள்ளி மறைந்த பிறகும் பல நாள் தொடர வேண்டியிருந்தது.

இவ்வளவும் தந்த தொட்டியில் எனக்குத் தீராத எரிச்சல் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வாழ்வது அதில்தான்; தொட்டி காலியாக இருக்கும்போது அதற்கு இரை இல்லை. ஸ்பாஞ்ச் வெறும் பஞ்சாகிவிடும். அதனால் அதைப் பெரிய தொட்டியில் ஊறவைத்து, மீன் வரும் நாளில் எடுத்து மாட்டுகிறேன். சரி, நோய் கண்ட தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சைத் திரும்ப எங்கே வைப்பது? பெரிய தொட்டியில் வைத்தால் தனிமைப்படுத்தியதே வீண். கொதிநீரில் போட்டுக் காயவைத்தால் கிருமியோடு பாக்டீரியாவும் போய்விடும். மீண்டும் முதலிலிருந்து! மெத்திலீன் புளூ என்னும் மருந்தை ஊற்றினால் அந்த வேலையும் மிச்சம். ஓடும்போதே பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது. தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பவர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அதுதான் என் கோபம். இப்போது பெரிய தொட்டியில் எப்போதும் இரண்டு ஸ்பாஞ்சுகளை ஊறவைத்திருக்கிறேன். அப்படியும் சில முறை தப்புகிறது.

நேற்று இரவு அம்மோனியா சோதனைக் குழாயை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் பச்சைக்குத் திரும்பியிருந்தது. இப்போது தனிமையில் இருக்கும் கோரிடோரஸ் மீன்கள் வேகவேகமாகச் செவுள் அடித்தபடி பிவிசி குழாயின் வாயில் கிடந்தன. பாதித் தண்ணீரை மாற்றி முடிக்க நள்ளிரவாயிற்று.

நண்பர் வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பவர். அவருக்கு "வேண்டாம்" என்றே பதில் அனுப்பிவிட்டேன். கவனிக்க ஆளில்லாத தனிமைத் தொட்டியில், நோயே இல்லாத மீனும் அம்மோனியாவால் சாகும். என் வீட்டில் கோரிடோரஸ்களுக்கு இன்னும் பதினொரு நாள் பாக்கி. குளோரின் நீக்கி கலந்த இரண்டு வாளித் தண்ணீர் தயாராக நிற்கிறது.