கோழி ஏன் குளிரவில்லை என்று விடியற்காலையில் வந்து பார்த்தவர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் நானும் என் மச்சானும் சின்னதாக ஒரு கோழி இறைச்சிக் கூடம் நடத்துகிறோம். சாதாரண நாளில் 400 கிலோ, பெரும்பாலும் ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போகும். தக்கலையில் அப்பா, மகன், மகள் மூன்று பேரும் இன்ஜினியர்களாக இருந்து இறைச்சிக் கூடங்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். விளம்பரம் வேண்டாம் என்று அந்த அப்பா கேட்டுக்கொண்டதால் பெயர் போடாமல் எழுதுகிறேன், இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

எங்களுக்கு இருந்த பிரச்சினை இதுதான். காலையில் வெட்டி குளிர் அறையில் வைத்த கோழி, மத்தியானம் ஓட்டலுக்குப் போனதும் வாடை வருகிறது என்று போன் வரும். அறைக்கு வெளியே இருக்கும் டிஸ்ப்ளே எப்போதும் 3 டிகிரி காட்டும். அறையைக் கட்டிக்கொடுத்தவரைக் கூப்பிட்டால் இன்னொரு கம்ப்ரசர் போடுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கடன் வாங்கக்கூடத் தயாராகிவிட்டோம்.

இவர்களைக் கூப்பிட்டபோது அந்த அப்பா கேட்ட முதல் கேள்வி, வெட்டு எத்தனை மணிக்கு என்பதுதான். நாலு மணி என்றேன். மறுநாள் நாலு மணிக்கு, நல்ல மழையில், மகளோடு வந்து நின்றார். கம்ப்ரசர் பக்கமே போகவில்லை. ஒரு கோழியின் நெஞ்சுக்கறியில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தாளை என்னிடம் நீட்டினார், 27 டிகிரி. "அறை குளிர்ந்து போச்சு மக்களே, கோழிதான் இன்னும் குளிரல" என்றார்.

அப்புறம் எங்கள் பில் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 400 கிலோ கோழியை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு நாலு மணி நேரத்தில் இறக்க வேண்டுமென்றால் கறியிலிருந்து மட்டும் சுமார் 3 கிலோவாட் சூடு வெளியே போகணும், அதையே நாள் முழுக்க இழுத்தால் அரை கிலோவாட் போதும். எங்கள் அறை ஏற்கெனவே குளிர்ந்த கறியை அப்படியே வைத்திருப்பதற்காகக் கட்டியது, சூட்டை எடுப்பது வேறு வேலை. போதாததற்கு நாங்கள் பெட்டிகளை ஃபேன் வாய் வரைக்கும் நெருக்கி அடுக்கியிருந்தோம், டிஸ்ப்ளேயின் சென்சாரும் அந்த ஃபேன் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு வருஷம் இதைத்தான் நம்பி கறி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவர் சொன்ன வழியில் புது கம்ப்ரசர் இல்லை. இரண்டு ஸ்டீல் தொட்டியில் ஐஸ் தண்ணீர், வெட்டிக் கழுவிய கோழி முதலில் அதில் கிளறிக்கொண்டே கிடக்கணும், நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் அறைக்குள் போகணும். பெட்டிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஐஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, கோழியின் சூட்டுக்கே 130 கிலோ உருகும், தண்ணீரைக் குளிர வைக்க அதற்கு மேல் வேணும் என்றார். குளச்சலில் மீனுக்குப் போடும் ஐஸ் சல்லிசாகக் கிடைக்குமே என்று மச்சான் சொன்னதும் மகள் விடவில்லை. குடிநீரில் செய்த ஐஸ்தான் கறியில் படலாம், உணவுப் பாதுகாப்பு விதியே அப்படித்தான் சொல்கிறது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் ஐஸ் செலவு கூடியது, அது உண்மை. ஆனால் இப்போது முக்கால் மணி நேரத்தில் நெஞ்சுக்கறி 8 டிகிரிக்கு வந்துவிடுகிறது, வாடை என்று ஒரு போன்கூட வரவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். மகள் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, அது எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைக்குப் போகாமல் வெட்டுமேசைக்குக் கீழே குளமாக நின்றது. நாங்கள் தினமும் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர்தான் அது, எங்களுக்குத் தப்பாகவே தோன்றியதில்லை. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு, சுவரும் தரையும் சேரும் மூலையை வளைத்துப் பூசுவது என்று வரைபடத்தில் கொத்தனார் படிக்கிற மாதிரி தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்.

குறையும் உண்டு. அந்த வரைபடம் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. மகனிடம் கேட்டால் மன்னிப்புக் கேட்கிறார், ஆனாலும் வேலையாளை நிறுத்திவைத்த கூலி எங்களுடையது. தொட்டி செய்வது, வெல்டிங் எதையும் அவர்கள் எடுத்துச் செய்ய மாட்டார்கள், மிஷினும் விற்க மாட்டார்கள், ஆளை நாமே பிடிக்கணும். எல்லாம் ஒரே இடத்தில் முடியணும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. பீஸ் முதலில் அதிகமாகத்தான் தோன்றியது, வாங்காமல் விட்ட கம்ப்ரசரின் விலையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்து கழிவுநீருக்குக் கொழுப்பு பிடிக்கும் தொட்டி போடணும், அதற்கும் அவர்களைத்தான் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை வரைபடம் வரும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டேன்.