கட்டமா, வரிசையா? 1978-ன் இரண்டு அட்டாரி ஞாபக ஆட்டங்கள்

வீட்டு டிவியில் இணைத்து ஆடும் அட்டாரி 2600 வீடியோ கேம் இயந்திரத்துக்கு 1978-ல் வந்த 'ஹண்ட் அண்ட் ஸ்கோர்', அதே வருடத்து 'பிரைன் கேம்ஸ்' கார்ட்ரிட்ஜில் உள்ள 'டச் மீ' இரண்டுமே ஞாபக ஆட்டங்கள்தான். இரண்டுக்கும் ஜாய்ஸ்டிக் வேண்டாம். போன் போல 12 பட்டன் உள்ள கீபேட் போதும். ஆனால் அந்தக் கீபேட் ஒன்றுக்கு இடைஞ்சல், மற்றதற்கு உயிர்.

ஹண்ட் அண்ட் ஸ்கோர் என்பது கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஜோடி தேடுவது. 16 கட்டம் அல்லது 30 கட்டம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். (பிற்பாடு 'எ கேம் ஆஃப் கான்சன்ட்ரேஷன்' என்று பெயர் மாற்றி விற்றதும் இதைத்தான்.) தரையில் சீட்டு பரப்பி ஆடும்போது கை தானாக அந்த மூலைக்குப் போகும். இங்கே அது நடக்காது. "மேல்வரிசை, வலது ஓரம்" என்று மனசில் பதிந்ததை எண்ணாக மாற்றி, குனிந்து பட்டனைத் தேடி அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் அடுத்த கட்டத்தின் படம் நழுவிவிடும்.

டச் மீயில் இந்த மொழிபெயர்ப்பு வேலையே இல்லை. இயந்திரம் ஒலிக்கும் வரிசையை, அதற்குரிய எண்களில் அப்படியே திருப்பி அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் வரிசையில் இன்னொன்று சேரும். வரிசை நீண்டபிறகு எண்கள் மறந்துபோகும், ஆனால் கட்டைவிரலுக்கு வழி தெரிந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். டச் மீயின் மூல வடிவம், 1974-ல் வந்த அட்டாரியின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும்) இயந்திரம். அதைப் பார்த்த வீடியோ கேம் கண்டுபிடிப்பாளர் ரால்ஃப் பேருக்கு (Ralph Baer) யோசனை பிடித்தது, சத்தம் பிடிக்கவில்லை. ஹோவர்ட் மோரிசனோடு சேர்ந்து உருவாக்கிய 'சைமன்' பொம்மையில் காதுக்கு இனிய நான்கு ஸ்வரங்களை வைத்தார். மில்டன் பிராட்லி நிறுவனம் அதை 1978-ல் விற்று, பெயரெல்லாம் சைமனுக்கே போய்விட்டது. அட்டாரிக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

தனியாக உட்கார்ந்தால் நான் டச் மீயைத்தான் போடுவேன். பக்கத்தில் ஒருவர் இருந்தால் கதையே வேறு. ஹண்ட் அண்ட் ஸ்கோரில் எதிராளி தவறாகத் திறக்கும் இரண்டு கட்டங்களும் நமக்கு இலவசமாகத் தெரிந்துவிடும். அவர் முறையிலும் கண்ணை எடுக்க முடியாது. அதற்கு 30 கட்ட ஆட்டத்தையே எடுங்கள். 16 கட்டத்தில் எட்டே ஜோடிதான், சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும்.