எழுந்து போக வைத்த செய்திகள்: நாளிதழ், டி.வி., வாட்ஸ்அப் பற்றி ஒரு நெடுநாள் வாசகரின் அனுபவம்

ஒரு செய்தியைப் படித்த பிறகு அல்லது பார்த்த பிறகு நான் எங்காவது எழுந்து போனேனா? நகராட்சிக்கு, வாக்குச்சாவடிக்கு, தாலுகா அலுவலகத்துக்கு, குறைந்தபட்சம் பக்கத்து வீட்டில் விசாரிப்பதற்காவது? காலையில் வரும் தமிழ் நாளிதழ், ராத்திரி பார்க்கும் செய்தி சேனல், நாள் முழுக்க வரும் வாட்ஸ்அப் ஆகிய மூன்றையும் பல வருடங்களாகப் பயன்படுத்திவருகிறேன். இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இங்கே அவற்றை மதிப்பிடுகிறேன். நான் இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறிய நகராட்சி ஊர். எங்களுக்கு வருவது வேலூர் பதிப்பு.

எனக்கு இந்தக் கேள்வி பிடிபட்டது 2022-ல். அந்த வருடம் பிப்ரவரி 19 அன்று மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. 2011-க்குப் பிறகு நகர்ப்புறத்துக்கு அப்போதுதான் உள்ளாட்சித் தேர்தலே வருகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் 72 சதவீதத்துக்கு மேல் வாக்களித்த மாநிலம் இது. பத்தே மாதத்தில் நடந்த இந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 60 சதவீதம். சென்னையில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சென்னையில் எப்போதும் குறைவுதான், இருந்தாலும் இது ரொம்பக் குறைவு.

அந்த வாரங்களில் சேனல்களில் பேசியது என்ன? எந்தக் கட்சி எந்தக் கூட்டணிக் கட்சிக்கு எத்தனை இடம் ஒதுக்கியது, யார் கோபித்துக்கொண்டு தனியாக நிற்கிறார்கள், முடிவு அடுத்த பெரிய தேர்தலுக்கு என்ன சொல்லும். ஒரு வார்டு உறுப்பினரின் வேலை என்ன, மன்றம் எதைத் தீர்மானிக்கும், எங்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று அரை மணி நேரமாவது யாராவது பேசியிருந்தால் நான் பார்க்காமல் விட்டிருக்க மாட்டேன். வார்டு தேர்தலை மாநில அரசியலின் சின்ன அத்தியாயமாகவே காட்டினார்கள். அப்படித்தான் மக்களும் எடுத்துக்கொண்டார்கள். "இதுக்கெல்லாம் போய் வரிசையில நிக்கணுமா" என்று என்னிடமே பலர் கேட்டார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு வந்தது. டி.வி.யில் ஓடியது "150 சதவீதம் வரை உயர்வு". அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லார் வாயிலும் 150. ஆயிரம் ரூபாய் கட்டினவன் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டணும் என்று கணக்குப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. 150 என்பது சென்னையின் பழைய பகுதிகளில் 1800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு. எங்களைப் போன்ற நகராட்சிகளில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. இதை வெட்டி எடுத்துக்கொண்டுபோய் தெருவில் சில வீடுகளில் காட்டினேன். மூன்றாவது வீட்டு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ நமக்கு அம்பதுதானா தம்பி? நூத்தம்பதுன்னுதானே சொன்னாங்க" என்று கேட்டார். அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார்: "சரி, அம்பது மட்டும் கம்மியா? இதுக்கு யார்கிட்ட போய்க் கேக்கணும்?"

அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். 150 என்று நம்பியிருந்தவரை எல்லாரும் அரசைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சரியான எண் கைக்கு வந்த பிறகுதான், இது நியாயமா, யாரிடம் கேட்பது என்ற பேச்சே தொடங்கியது. பதிலும் அதே நாளிதழில்தான் வந்தது, சில நாட்கள் கழித்து, பொது அறிவிப்பு விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில்: ஆட்சேபம் இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து மனு எழுதினோம். வரி குறையவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குவது எப்படி என்று தெரிந்தது, எங்கள் வார்டு உறுப்பினரின் முகமும் தெரிந்தது. அடுத்த முறை தெருவிளக்கு எரியாதபோது யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் அந்த அம்மாவே போய்விட்டார்.

நாளிதழில் எனக்கு அதிகம் பயன்பட்டது மாவட்டப் பக்கம்தான். முதல் பக்கத்தை எல்லாரும் படிக்கிறார்கள், அதில் வருவது முந்தின ராத்திரியே ஃபோனில் வந்துவிடுகிறது. மாவட்டப் பக்கத்தில் மின்நிறுத்தம், கண் சிகிச்சை முகாம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், கோடையில் ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்குகளைத் தாலுகாவில் சரிபார்க்கும் வருடாந்திர முகாம்) என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தேதி, இடம், எந்த அதிகாரி, என்ன கொண்டுவர வேண்டும் என்பது இருக்கும். எதிர்வீட்டு அக்கா மாமனார் பெயரிலேயே கிடந்த பட்டாவை மாற்ற ரொம்ப நாள் அலைந்துகொண்டிருந்தார். ஜமாபந்தியில் எந்தக் கிராமத்துக்கு எந்த நாள் என்ற பட்டியல் வந்ததைக் காட்டினேன். குறித்த நாளில் வாரிசுச் சான்றோடு போய் மனு கொடுத்தார், வேலை நகர்ந்தது. நாலு வரிச் செய்திதான் அது, தலைப்புகூட ஒழுங்காக இல்லை.

மக்களுக்குத் தெரிந்த மொழியில், பக்கத்து ஊர் விஷயத்தை எழுதுகிற பத்திரிகைக்கு என்ன பலம் என்பதைப் பொருளாதார அறிஞர்களும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சத்தைத் தடுப்பதில் சுதந்திரமான பத்திரிகைகளுக்குப் பங்கு உண்டு என்று அமர்த்தியா சென் சொல்லிவந்தார். அதைத் தொடர்ந்து டிமோத்தி பெஸ்லி, ராபின் பர்ஜெஸ் இருவரும் இந்தியாவின் 16 மாநிலங்களை, 1958 முதல் 1992 வரைக்குமான தரவுகளோடு ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். விளைச்சல் குறைந்தாலோ வெள்ளத்தில் பயிர் அழிந்தாலோ, நாளிதழ் விற்பனை அதிகமுள்ள மாநில அரசுகள்தான் ரேஷன் தானியத்தையும் நிவாரணத்தையும் அதிகம் கொடுத்திருக்கின்றன. இதில் இன்னும் குறிப்பான விஷயம், அந்த விளைவைத் தந்தவை ஆங்கில, இந்தி நாளிதழ்கள் அல்ல, வட்டார மொழி நாளிதழ்கள். சலூனிலும் டீக்கடையிலும் ஒரு தாளை நாலு பேர் பிரித்து வைத்துப் படிக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இனி நாளிதழின் குறைகள். எங்கள் பகுதியில் ஒரு கால்வாய் அடைத்து, மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். படத்தோடு செய்தி வந்தது. இரண்டே நாளில் ஆட்கள் வந்து தூர்வாரினார்கள், அதற்கு மறுநாள் "செய்தி எதிரொலி" என்று இன்னொரு படம். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த மழைக்கும் அதே தண்ணீர், அதே படம், அதே எதிரொலி. ஏன் அடைக்கிறது, யார் கட்டினார்கள், எவ்வளவு செலவு என்று எந்தச் செய்தியும் கேட்கவில்லை. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்டேன். வெள்ளைத் தாளில் கேள்விகளை எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2005-ம் வருடச் சட்டம். முதல் பதில் மழுப்பலாக வந்தது, மேல்முறையீடு போட்ட பிறகு வேலை ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தது. பத்திரிகை கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

கேட்காததற்குக் காரணம் எங்கள் ஊர் நிருபரின் சோம்பல் அல்ல. சின்ன ஊர்களில் நிருபர் பெரும்பாலும் பகுதிநேரம், கையில் கிடைப்பது சொற்பம். சுதந்திர தினம், பொங்கல் சிறப்பிதழ் என்றால் விளம்பரமும் அவர்தான் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் தருபவர்கள் யார்? ஒப்பந்தக்காரர்கள், தனியார் பள்ளிகள், கவுன்சிலர்கள். ஆகஸ்ட் 15-க்கு அவர்களிடம் வாழ்த்து விளம்பரம் வாங்கிவிட்டு ஆகஸ்ட் 20-ல் அவர்களைப் பற்றி எப்படி எழுதுவார்? தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதைப் பற்றி இந்தியப் பிரஸ் கவுன்சில் 2010-லேயே அறிக்கை கொடுத்தது. பெரிய காசைப் பற்றிய பேச்சு அது. சின்ன ஊரில் யாரும் எதையும் எழுதிக்கொடுக்காமலேயே, எதை எழுதக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மாதச் சந்தாவை மட்டும் நம்பி ஒரு தாளால் நிருபருக்கு முழுச் சம்பளம் தர முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. அதற்காகவே சந்தாவை நிறுத்தாமல் வைத்திருக்கிறேன்.

டி.வி.க்கு வருகிறேன். ஒரு விஷயத்தில் அதற்கு மனசாரப் பாராட்டு. ஆளுநருக்கு என்ன அதிகாரம், நீட் விலக்கு மசோதா என்ன ஆனது, காவிரித் தீர்ப்பு என்ன சொல்கிறது என்று எங்கள் ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் பதில் வரும். ராத்திரி விவாதங்களின் உபயம் அது. ஆனால் பார்த்து முடித்த பிறகு நான் செய்வதற்கு அங்கே எதுவும் இருப்பதில்லை. கோபம் வருகிறது, யார் பக்கம் என்று முடிவாகிறது, தூங்கப் போகிறேன். மறுநாள் வேறு தலைப்பு. தொடர்ந்து பார்த்துவந்த மாதங்களில் மாநில அமைச்சரவை முழுக்க எனக்கு மனப்பாடம், எங்கள் நகராட்சி ஆணையர் பெயர் தெரியாது. இப்போது தேர்தல் முடிவு, புயல், பட்ஜெட் என்றால் மட்டும் போடுகிறேன்.

வாட்ஸ்அப் பற்றி எழுதும்போது எங்கள் மாவட்டத்துக்காரன் 2018-ஐத் தாண்டிப் போக முடியாது. குழந்தை கடத்தும் கும்பல் வடமாநிலத்திலிருந்து இறங்கியிருக்கிறது என்று குரல் பதிவுகளும் வீடியோக்களும் ஃபோன் ஃபோனாகச் சுற்றின. மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், சென்னையிலிருந்து உறவினர்களோடு கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. காரில் வந்தவர்கள் வழி கேட்க நிறுத்தினார்கள், அவ்வளவுதான். எழுந்து போக வைத்த செய்திதான் அதுவும். என் கேள்வி மட்டும் போதாது, எதை நம்பி எழுந்து போனோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். அந்தப் பதிவுகளில் எந்த ஊர், எந்தக் காவல் நிலையம், என்ன தேதி என்று எதுவும் இருந்ததில்லை. யாரிடமும் சரிபார்க்க வழியில்லாமல் பயத்தை மட்டும் கொடுத்தன. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அதே ஃபோனைத்தான் 2015 டிசம்பரிலும் வைத்திருந்தோம். சென்னை மூழ்கியபோது அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர முடியாமல் டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பே அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. அந்த நாட்களில் எந்தத் தெருவில் படகு வேண்டும், எந்தக் கல்யாண மண்டபம் திறந்திருக்கிறது, எந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் சாப்பாடு வரும் என்று ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த தகவல்கள் உயிர்களைக் காப்பாற்றின. எங்கள் ஊரிலிருந்துகூட பாலும் பாயும் ஏற்றிக்கொண்டு வண்டி போனது. இடம், பெயர், தொலைபேசி எண் மூன்றும் இருந்ததால் எதையும் கூப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியதும் இப்படித்தான். ஆகவே தாள் நல்லது, ஃபோன் கெட்டது என்ற முடிவுக்கு நான் வரவில்லை.

என் இப்போதைய பழக்கம் இதுதான். நாளிதழை மாவட்டப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், டெண்டர் விளம்பரங்களையும் பொது அறிவிப்புகளையும் விடாமல் பார்க்கிறேன். எந்தத் தெருவுக்கு எவ்வளவில் சாலை வருகிறது என்பது, போடுவதற்கு முன்பே அங்கேதான் தெரிகிறது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வருகிற எதற்கும் "எங்கே, எப்போது, யார் சொன்னது" என்று கேட்கிறேன். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், இப்போது அவர்களே மற்றவர்களைக் கேட்கிறார்கள். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஊராட்சிகளில் கிராம சபை நடப்பதைப் போல வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் உட்கார்ந்து பேசலாம். எங்கள் பகுதிக் கூட்டத்தின் தேதியை ஒரு ஒற்றைப் பத்திச் செய்தியில் பார்த்துத்தான் போனேன். வந்திருந்தவர்கள் மிகச் சிலர், வந்த எல்லாருமே தேதியைத் தாளில் பார்த்தவர்கள் அல்லது பார்த்தவர் சொல்லிக் கேட்டவர்கள்.

நாளிதழுக்கு ஒரே ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன், கடிதமாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன். மன்றக் கூட்டம் முடிந்த பிறகு "காரசார விவாதம், வெளிநடப்பு" என்று போடுகிறீர்கள். கூட்டத்துக்கு முந்தின நாள், என்னென்ன தீர்மானங்கள் வருகின்றன, எந்த வார்டுக்கு எவ்வளவு பணம் என்பதை அரைப் பத்தியில் போடுங்கள். எங்கள் ஊர் நிருபர் அதைப் படித்துவிட்டு, "இடம் கேட்டுப் பாக்கிறேன் சார், பொருள் நிரல் எனக்கு முதல்நாளே வந்துடும்" என்றார்.