பாசிக்குடா: நீந்தத் தெரியாதவர்களுக்கும் ஒரு கடல்

பாசிக்குடா ரிசோர்ட்டுகள் கேட்கும் விலைக்கு முழுக் காரணம் அங்குள்ள ஆழமில்லாத கடல். மட்டக்களப்பிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றரில் பிறைபோல் வளைந்து கிடக்கிறது இந்தக் குடா. வெளியே இருக்கும் முருகைக்கல் (பவளப்பாறை) திட்டுகளில் அலை உடைந்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம்போல் நிற்கும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்துபோனாலும் இடுப்பளவுதான். ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மம்மாவும் ஒன்றாக இறங்கிக் குளிக்கக்கூடிய கடல் இலங்கையில் மிகக் குறைவு. குடும்பத்தோடு மூன்று இரவு சும்மா இருக்க இதைவிட நல்ல இடம் கிழக்கில் இல்லை என்றே சொல்லுவோம்.

அலைச்சறுக்கு வேண்டுபவர்கள் அறுகம்குடாவுக்குப் போகவேண்டும். முகமூடி போட்டுப் பவளமும் மீனும் பார்க்க ஆசையென்றால் நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாத்தீவு நல்லது. 2003இல் தேசியப் பூங்காவானது. பாசிக்குடாவில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். இரவு நேரக் கொண்டாட்டமும் இங்கே இல்லை. ஒன்பது மணிக்கே கரை அடங்கிவிடும்.

போகவேண்டிய மாதங்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தெற்கிலும் மேற்கிலும் மழை கொட்டும் அதே காலத்தில் கிழக்கு வறண்டிருக்கும், கடலும் தெளிந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. அப்போது அறை வாடகை பெரிதாகக் குறையும். ஆனால் கடல் கலங்கி, கரையெல்லாம் பாசி ஒதுங்கிக் கிடக்கும் நாட்கள் வரும். பேரில் இருக்கும் பாசி சும்மா வந்ததில்லை. நீச்சல் தடாகம் போதும் என்பவர்கள் மட்டும் அந்த மலிவு விலையை எடுக்கலாம்.

நல்ல பருவத்திலும் ஒரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை: கச்சான் காற்று. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து, நிலத்தின் சூட்டை அள்ளிக்கொண்டு வீசும். கரைப்பக்கமிருந்து வீசுவதால் கடல் இன்னும் அமைதியாகத் தெரியும். ஆபத்து அங்கேதான். காற்றடைத்த மெத்தை, வட்டு, பிள்ளைகளின் பிளாஸ்டிக் படகு எல்லாவற்றையும் இந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளும். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று பெற்றோர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பிள்ளை ஆழத்துக்குப் போய்விடும். மிதவையைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்திருக்கவேண்டும். கயிறு இல்லையென்றால் மிதவையே வேண்டாம்.

கடலில் இறங்கக் காலை ஆறு முதல் ஒன்பது வரையும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் நல்லது. நடுப்பகலில் ஆழமில்லாத தண்ணீர் சூடேறிவிடும். வெள்ளை மணலில் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்குக் கீழேயும் முகத்தைச் சுடும். குடாவின் இரண்டு முனைகளிலும் முருகைக்கல் துண்டுகள் காலைக் கிழிக்கும். ரப்பர் சப்பாத்து கொண்டுபோங்கள்.

அறை பதியும்போது வரும் பிழைகள்தான் பயணத்தை அதிகம் கெடுக்கின்றன. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு ரிசோர்ட்டுகள் இந்தக் கரையில் அடுத்தடுத்து எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் கிடைத்த காணி கடலோரம் ஒடுங்கி, பின்னால் நீண்டிருந்தால், ‘கடற்கரை ரிசோர்ட்’ என்ற பெயரில் கிடைக்கும் அறை கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கலாம். அறையிலிருந்து மணலுக்கு எத்தனை மீற்றர், நடுவில் படிகள் உண்டா, நிலத்தளத்தில் அறை கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய விடயம். பொதுமக்கள் குளிக்கும் பகுதிக்குப் பக்கத்து ரிசோர்ட்டுகளில் வார இறுதியில் படகு இயந்திரச் சத்தமும் பாட்டும் கேட்கும். அமைதிதான் வேண்டுமென்றால் ஞாயிறு பின்னேரம் போய் வியாழன் திரும்புவது புத்தி. போயா எனப்படும் முழுநிலவு தினத்தில் மதுபானம் விற்கமாட்டார்கள். அதை நம்பிப் போகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

விலையின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது முழு விலை இல்லை. 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. 100 டொலர் என்று போட்ட அறை கிட்டத்தட்ட 130இல் வந்து நிற்கும். அறை விடும்போது பில்லைப் பார்த்துச் சண்டை பிடிப்பதைவிட, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

இரவுச் சாப்பாட்டையும் சேர்த்தே பதிவது வசதி, ஏனென்றால் நடந்துபோகும் தூரத்தில் கடைகள் குறைவு. மதியத்துக்கு ஓட்டோ பிடித்து வாழைச்சேனைக்குப் போனால் சோறும் கறியும் நன்றாக இருக்கும். ரிசோர்ட் பஃபேயில் உறைப்பைக் குறைத்துவிடுவார்கள். அதற்குத் தீர்வு எளிது: சமையலறைக்குக் காலையிலேயே சொல்லிவைத்தால், இரவுக்கு நண்டுக் கறியோ மீன் சொதியோ வீட்டுப் பக்குவத்தில் வரும். வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. எனவே மீன் அன்றைக்கு வந்ததா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இங்கே வேலை செய்பவர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள். ‘தம்பி, இன்றைக்கு என்ன மீன் நல்லது?’ என்று கேட்டால் மெனுவில் இல்லாத பதிலே கிடைக்கும்.

கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடிக்கவேண்டும். இரவு ரயில் காலையிலேயே இறக்கிவிடும், அறையோ மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். பிள்ளைகளோடு வந்தால் பகலில் ஓடும் உதயதேவி ரயில் பொருத்தம். வாகனத்தில் வருபவர்கள் காலையில் வெளிக்கிட்டு, பொலன்னறுவையை வழியிலேயே பார்த்துவிடலாம். பாசிக்குடாவில் தங்கிக்கொண்டு அதற்கென்று திரும்பிப் போவது ஒரு நாளை விழுங்கும். ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் இடையில் இருட்டிய பிறகு ஓடவேண்டாம். யானைகள் வீதியைக் கடக்கும்.

திரும்பும்போது மட்டக்களப்பு எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்க ஆசைப்படுபவர்கள் புறப்படும் காலையில் வாங்கவேண்டும். முதல் நாளே வாங்கி வெளியே வைத்தால் கொழும்பு போய்ச் சேரமுதல் புளித்துவிடும். சட்டியைச் சரிக்காமல், காலடியில் நேராக வைத்துக் கொண்டுபோங்கள்.