அருமையான கேம், திறந்தால்!

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதை போட்டு ரயில் ஓட்டும் அந்த கேம்தான். என்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டும், எவ்வளவு ரேம் வேண்டும் என்பதெல்லாம் ஸ்டோரிலேயே இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. கேம் எப்படி என்றால், அருமை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு சரக்கு வண்டிகளுக்குச் சிக்னல் பிரித்துக் கொடுத்து, ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்க மற்றது கடந்துபோவதைப் பார்க்கும் சுகத்துக்காகவே பல ராத்திரி தூக்கத்தை விட்டிருக்கிறேன்.

ஆனால் முதலில் அது திறக்க வேண்டுமே!

பிளே பட்டனை அழுத்தினால் கர்சர் பக்கத்தில் வட்டம் சுற்றும். திரை ஒரு நொடி கறுக்கும். அப்புறம் டெஸ்க்டாப். எரர் பாக்ஸ் கிடையாது, எரர் நம்பர் கிடையாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் கேமின் பெயர் பட்டியலில் ஏறும், மெமரி கொஞ்சம் கூடும், பெயர் காணாமல் போகும். லாஞ்சரோ எதுவுமே தெரியாத மாதிரி மறுபடி பிளே பட்டனைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

வழக்கமான வைத்தியம் எல்லாம் செய்தாயிற்று. ஃபைல்களைச் சரிபார்த்தேன், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைமில் 32 பிட், 64 பிட் இரண்டையும் போட்டேன், ஓவர்லேக்களை அணைத்தேன், அட்மினாக ஓட்டிப் பார்த்தேன். சப்போர்ட்டுக்கு எழுதினால் இதே பட்டியலைத்தான் திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்யலாமே என்ற யோசனையோடு.

ஒரு கேம் கிராஷ் ஆனால் பொதுவாக விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணோடு சிவப்புக் குறி விழும், புரோகிராமின் எந்தப் பகுதியில் (மாட்யூலில்) சிக்கல் என்பதும் கூடவே இருக்கும். இங்கே அதுவும் இல்லை. அப்படியென்றால் கேம் கிராஷ் ஆகவில்லை, தானாகவே மூடிக்கொண்டு போகிறது. இது தெரிந்த பிறகுதான் வேறு பக்கம் தேட ஆரம்பித்தேன்.

விடை விண்டோஸ் செக்யூரிட்டியின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் இருந்தது. கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேருக்கு எதிராக ஒரு வசதி, 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்தது. தானாக ஆன் ஆகாது, நாம்தான் போட வேண்டும். நான் போட்டிருந்தேன், இனியும் அணைக்கப் போவதில்லை. அறிமுகமில்லாத புரோகிராம் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுதப் பார்த்தால் தடுத்துவிடும், அட்மினாக ஓட்டினாலும் விடாது. இந்த கேம் தன் செட்டிங்ஸையும் சேவ்களையும் அங்கேதான் எழுதுகிறது. எழுத முடியவில்லை என்றதும் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடுகிறது. அந்த வசதியின் அனுமதிப் பட்டியலில், கேமை ஓட்டும் ஈஎக்ஸ்ஈ ஃபைலைச் சேர்த்தேன், உடனே திறந்தது.

அதோடு முடிந்ததா? அந்தப் பட்டியல், ஃபைல் இருக்கும் இடத்தையும் பெயரையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. பெரிய அப்டேட் ஒன்றில் கேமை உருவாக்கியவர்கள் ஈஎக்ஸ்ஈயின் பெயரை மாற்றினார்கள். மறுபடி வட்டம், கறுப்பு, டெஸ்க்டாப்.

விண்டோஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் ‘டாகுமென்ட்ஸில் எழுத முடியவில்லை’ என்று ஒரு வரி காட்ட கேமை உருவாக்கிய இவர்களுக்கு என்ன கேடு? சிக்னலில் ரயில் நின்றால் ஏன் நிற்கிறது என்று வண்டிக்கு மேலேயே எழுதிக் காட்டுகிற கேம் இது!

நியாயமாகச் சொன்னால், திறந்த பிறகு ஒரு தடவைகூட நடுவில் நின்றதில்லை. மிகப் பழைய சேவ்கூட இன்றைக்கும் ஓடுகிறது. இருந்தாலும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாங்கியே தீருவேன் என்பவர்கள், டவுன்லோட் முடிந்ததும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாமல், ரீஃபண்ட் கெடு முடிவதற்குள் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.