செவ்வாய்க் கதைதான், ஆனா ரொக்கெட் விசிறியளுக்கு இல்ல

திருமலை டவுன்ல ஒரு பழைய புத்தகக் கடையில அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின்ட 'த மார்ஷியன் க்ரோனிக்கிள்ஸ்' எடுத்தன், பைண்டிங் விட்டு நடுப்பக்கம் கையோட கழண்டு வருது, எண்டாலும் குடுத்த காசுக்குப் பாதகமில்ல. 1950ல வந்தது. நாவல் எண்டு சொன்னாலும் தனித்தனிச் சிறுகதையள குட்டிக் குட்டித் துண்டுகளால ஒட்டினதுதான், தலைப்பில திகதி போட்டிருக்கிறதால டயரி வாசிக்கிற மாதிரி ஓடும். செவ்வாய்க்காரர் சண்டையில இல்ல, பூமியில இருந்து போன கொப்புளிப்பான் வந்து சாகினம், குடியேற்றத்த இதவிட நக்கலடிக்க ஏலாது.

2026 ஓகஸ்ட் எண்டு திகதி போட்ட கதைதான் உச்சம். ஆக்களே இல்லாத வீடு தன்ட பாட்டில காலைச் சாப்பாடு செய்யுது, நேரம் சொல்லுது, அணுகுண்டில வெளிச்சுவர் முழுக்கக் கருகிக் கிடக்க அந்தக் குடும்பம் நிண்ட இடத்தில மட்டும் பெயின்ட் அப்பிடியே இருக்கு, அழுது புலம்புற வசனம் ஒண்டும் இல்ல, வாசிச்சிட்டுப் புத்தகத்த மூடி வச்சிட்டன்.

விஞ்ஞானம் பலவீனம், செவ்வாயில சும்மா மூச்சு விடுறாங்கள். அது வேணுமெண்டா நம்மட கோணேசர் மலையடிக் கடல்ல சுழியோடின ஆர்தர் சி. கிளார்க்கின்ட 1951 செவ்வாய் நாவல் 'த சாண்ட்ஸ் ஒஃப் மார்ஸ்'ஸத் தேடுங்க. புத்தகம் எரிக்கிற ஆக்களப் பழிவாங்குற கதையும் பிராட்பரியின்ட இந்தப் புத்தகத்தில இருக்கு, புத்தக எரிப்பப் பற்றி 1953ல வந்த அவரின்ட நாவல் 'ஃபாரன்ஹீட் 451'க்கு விதை அதுதான் போல. 'மார்ஷியன் க்ரோனிக்கிள்ஸ்'ஸின்ட 1997 பதிப்பில திகதியள 31 வருசம் தள்ளிட்டாங்கள், பழைய பிரிண்டையே கேட்டு வாங்குங்க.